சிக்னல் கணக்கும் சீவியக் கணக்கும்

இணைய ஏற்றத்தாழ்வு என்று ஒன்று இனி இல்லை என்கிறார்கள். கொழும்பு மாநாட்டு மண்டபங்களில் சொல்லப்படும் இந்தப் பேச்சு யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் கூடும் விறாந்தைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அவர்களின் வாதத்தை முதலில் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். பாதியைச் சொல்லி வெட்டுவதில் பெருமை இல்லை.

2024 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் வாழ்வோர் ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம் பேர். பாவனையிலுள்ள கைத்தொலைபேசி இணைப்புகள் அதைவிடப் பல இலட்சம் கூட. டேட்டா விலை உலகத்தோடு ஒப்பிட்டால் மலிவு. வலை இழுக்கிறவர் கையிலும் ஸ்மார்ட் போன் இருக்கிறது. மிஞ்சியிருப்பவை கோபுரம் எட்டாத சில மலைக்கிராமங்களும் தீவுகளும்தான். அங்கேயும் ஒரு கோபுரமோ செய்மதியோ போய்விட்டால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் ஒருவர் பயனடையவில்லை என்றால் அது அவரவர் சோம்பல், அரசின் பிழை அல்ல.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளில் வெளிநாட்டுப் பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகக் கொழும்பு லொட்ஜில் நாட்கணக்காகக் காத்திருந்த தலைமுறை யாழ்ப்பாணத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதே ஆட்கள் இன்று குசினியில் நின்றபடி ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார்கள். கோபுரம் இல்லாத துன்பமும் பொய்யல்ல. 2021இல் போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் இணையவழி வகுப்புக்காக மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, காட்டுக்குள் ஒரு பாறையில் ஏறி நின்றதை உலகப் பத்திரிகைகளே எழுதின. அந்தப் பிள்ளைகளுக்குக் கோபுரம்தான் முதல் தேவை. என் சண்டை, அதிலிருந்து இவர்கள் இழுத்தெடுக்கும் முடிவோடு.

கோபுரம்தான் பிரச்சினை என்றால் கொழும்புத்துறையில் பிரச்சினையே இருக்கக் கூடாது. யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் இருக்கும் ஊர் இது. யோகர் சுவாமிகளின் ஊர் என்று உலகம் அறிந்தது, குருத்துவக் கல்லூரி உள்ளது. பஸ் நிலையத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் கால் மணித்தியாலம். இறங்குதுறையில் நின்று போனைப் பார்த்தால் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும். ஆனால் பிரதான வீதியை ஒட்டிய, வெளிநாட்டில் உறவினர் உள்ள வீட்டில் ரவுட்டர் இரவும் பகலும் மினுங்குகிறது. பரவைக்கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் ஒரு போனை நான்கு பேர் முறை வைத்துப் பாவிக்கிறார்கள். இரண்டு வீடும் ஒரே கோபுரத்தின் கீழ்தான். ஆகவே கோபுரத்தை வைத்துச் செய்த கணக்கைக் கோபுரம் உள்ள இடத்திலேயே சோதித்துப் பார்ப்போம்.

1. எதை எண்ணுகிறீர்கள்? சிம் அட்டையையா, மனிதரையா? ஒருவரிடம் இரண்டு சிம் இருந்தால் இரண்டு இணைப்பு. பழுதாகி அலுமாரியில் கிடக்கும் போனின் சிம்மும் ஓர் இணைப்பு. கைத்தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ மூன்று கோடியைத் தொட்டிருந்த 2021இல், லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது 15 வயதுக்கு மேற்பட்டோரில் இணையம் பாவித்தவர்கள் 44 வீதம். இணைப்புக் கணக்கு ஒரு நாட்டைக் காட்டியது, ஆட்கணக்கு வேறொரு நாட்டைக் காட்டியது.

அரச கணக்காவது ஆறுதல் தருகிறதா என்றால், அதன் வரைவிலக்கணத்தைப் பாருங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின்படி 2021இல் கணினி அறிவுடையோர் 34.3 வீதம், டிஜிட்டல் அறிவுடையோர் 57.2 வீதம். யார் இந்தக் கணினி அறிவுடையோர்? தானாகக் கணினியை இயக்கக் கூடியவர். ஐந்து வயதுப் பிள்ளை கணினியில் விளையாட்டு விளையாடினாலும் அதற்குக் கணினி அறிவு உண்டு என்று திணைக்களமே உதாரணம் காட்டி எழுதியிருக்கிறது. டிஜிட்டல் அறிவு என்பது அதிலும் இலகு, ஸ்மார்ட் போனைத் தானாகப் பாவித்தாலே போதும். இவ்வளவு தாழ்த்திக் கட்டிய வேலியையே நாட்டில் பத்துக்கு நான்கு பேர் தாண்டவில்லை. தாண்டியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் மேல் மாகாணம் முன்னால் நிற்கும், தோட்டப்புறம் கடைசியில் நிற்கும். வருடா வருடம் வரும் அறிக்கைகளில் எண்கள் ஏறுகின்றன, வரிசை மாறுவதில்லை.

2. எல்லோரும் ஒரே நாளிலா ஓடத் தொடங்கினோம்? இலங்கையில் வர்த்தக இணையச் சேவை 1995இல் தொடங்கியது. அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பதைக் கொழும்புத்துறையில் யாரிடமும் கேட்கலாம். வலிகாமமே மூட்டை முடிச்சோடு செம்மணி வெளியையும் நாவற்குழியையும் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1990இல், மின்சாரம் போய்விட்டது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. ஏ9 வீதி 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் மறுபடி மூடுண்டது. யுத்தம் முடிந்து ஐந்து வருடத்தின் பின், 2014 ஒக்டோபரில்தான் யாழ்தேவி திரும்பி வந்தது.

இன்று சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளையின் தாய்க்கு நாற்பது வயது என்று வையுங்கள். கொழும்பில் வர்த்தக இணையச் சேவை தொடங்கிய வருடம் அவளுக்குப் பத்து வயது. தலையில் ஒரு பையோடு நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய கொழும்புச் சகவயதுக்காரி பாடசாலையிலும் வேலையிடத்திலுமாக இருபது வருடம் பழகியதை இவள் மூன்று வருடத்தில் போன் திரையைத் தட்டிப் பழக வேண்டும். பழகாவிட்டால் சோம்பேறி. இந்தத் தீர்ப்பைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த இருபது வருடத்தைச் சம்பளத்தோடு பழகியவர்கள்.

3. போன் ஒன்று கையில் இருந்தால் போதுமா? பார்ப்பதற்குப் போதும். செய்வதற்குப் போதாது. ஒரு கட்டுரை எழுத, விண்ணப்பம் நிரப்ப, கணக்கு வைக்க, நிரல் எழுதப் பழகக் கணினி வேண்டும்; அது நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீட்டுக்கு ஒன்றில்தான் இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆய்வாளர்கள் பழைய தரவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பாடசாலை வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட் போனோ கணினியோ இருந்தவை 48 வீதம், இணைய இணைப்பு இருந்தவை 34 வீதம்.

போன் இருந்த வீட்டிலும் கதை முடிந்துவிடவில்லை. தகப்பன் தொழிலுக்குப் போகும்போது போனையும் கொண்டு போகிறார், கடலில் அதுதான் அவருக்குப் பாதுகாப்பு. வகுப்பு காலை எட்டு மணிக்கு, போன் கரைக்கு வருவது பத்து மணிக்கு. இரவு டேட்டா என்று ஒன்று பக்கேஜோடு கூட வரும்; நடுச்சாமத்துக்குப் பிறகு விடியும்வரைதான் ஓடும். ரியூசன் வீடியோக்களை அந்த நேரத்தில் இறக்கி வைத்துவிட்டு வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை நான் அறிவேன். டேட்டா மலிவு என்று காட்டும் அட்டவணைகள் ஒரு ஜிகாபைட்டின் விலையைத்தான் காட்டும். அன்றாடம் உழைக்கிறவர் ஜிகாபைட்டாக வாங்குவதில்லை. இன்றைய பாட்டில் கிடைத்ததைப் பார்த்து இன்றைக்கு ஒரு ரீலோட் போடுகிறார். பாடில்லாத நாளில் இணையமும் இல்லை. அதிலும் மலிவாகக் கிடைப்பது முகநூலுக்கும் யூரியூப்புக்கும் வட்ஸ்அப்புக்கும் என்று பிரித்து விற்கும் பக்கேஜ். "பெடியள் படம்தான் பாக்கிறாங்கள்" என்று பிறகு குறை சொல்கிறோம். எதை மலிவாக விற்றோமோ அதைத்தான் பார்க்கிறார்கள்.

2022 செப்டெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணம் 20 வீதம் கூடியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாகி, கைத்தொலைபேசிக் கருவியின் மேலும் வந்து உட்கார்ந்தது. அட்டவணையில் இவை சிறிய படிகள்.

4. மீனவர் கதையைத் தயவுசெய்து இனியாவது முழுதாகச் சொல்லுங்கள். "கைத்தொலைபேசி வந்தது, மீனவர் சந்தை விலை அறிந்தார், இலாபம் கூடியது" என்பது எல்லா மேடையிலும் வரும். மூலம் உண்மையானது. றொபேட் ஜென்சன் என்ற பொருளியலாளர் வட கேரளக் கரையோரத்தில் 1996 முதல் 2001 வரை திரட்டிய தரவை வைத்து 2007இல் எழுதிய ஆய்வு அது. கோபுரங்கள் வந்த பிறகு பதினைந்து கடற்கரைச் சந்தைகளுக்கிடையே மத்தி விலை ஏறக்குறைய ஒன்றானது. விற்காமல் கொட்டும் மீன் இல்லாமல் போனது. மீனவர் இலாபம் சராசரி 8 வீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 வீதம் குறைந்தது.

அருமையான ஆய்வு. ஆனால் அதில் வந்தது இணையம் அல்ல, குரல் அழைப்பு. அதைவிட முக்கியமாக, அந்தப் படகுக்காரர் விலை கூடிய துறையைக் கேட்டறிந்து அங்கே படகைத் திருப்ப முடிந்தது. எங்கே விற்பது என்பதைத் தீர்மானிக்கும் சுதந்திரம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. பின்னர் கேரளக் கரைக்குத் திரும்பிச் சென்று பார்த்து 2013இல் எழுதிய ஆய்வாளர்கள் ஜானகி சிறீனிவாசனும் ஜெனா பரலும், கடன் கொடுத்த ஏலக்காரரோடு கட்டுண்டவருக்கு இந்தத் தெரிவு அவ்வளவு இலகுவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார்கள்.

கொழும்புத்துறைக்கு வாருங்கள். பரவைக்கடலில் நண்டு படுகிறது, இறால் படுகிறது. வலைக்கும் எஞ்சினுக்கும் முற்பணம் தந்தவர் வாடிக்காரர். நண்டு அவருடைய தராசில்தான் ஏற வேண்டும், விலையும் அவர் வாயில்தான். கொழும்பில் அதே நண்டு என்ன விலை போகிறது என்பதைத் தொழிலாளி போனில் பார்க்கிறார். பார்த்துவிட்டு வாடிக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார். விலை தெரியாததால் அவர் ஏமாறவில்லை, கடன் இருப்பதால் தெரிந்துகொண்டே ஏமாறுகிறார். மறுபக்கத்தில் வாடிக்காரர் அதே போனில் மூன்று கம்பனியின் விலையைக் கேட்டு, நல்ல விலைக்குத் தள்ளிவிடுகிறார். ஒரே கருவி, ஒரே சிக்னல். லாபம் போன பக்கம் எது என்று சொல்லத் தேவையில்லை. பெங்களூரில் மைக்ரோசொஃப்ட் ஆய்வுக்கூடத்தை 2005இல் தொடங்கியவர்களில் ஒருவரான கென்ராரோ ரொயாமா, இத்தகைய திட்டங்களைப் பல வருடம் நடத்திப் பார்த்த பின் வந்து சேர்ந்த முடிவும் இதுவே: தொழில்நுட்பம் ஏற்கெனவே உள்ள பலத்தைப் பெருக்கும், இல்லாத பலத்தை உண்டாக்காது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் கடன் கொடுக்கும் நிலையில் இருந்தால் அந்தப் போனுக்கு வேறு பெறுமதி. சங்கத்தை நொடிய விட்டுவிட்டு செயலி தயாரிக்கிறோம்.

5. "அரச சேவை இணையத்துக்குப் போனால் ஏழைக்கு அலைச்சல் மிச்சம்" என்ற வாதம்தான் இவற்றில் மிக ஆபத்தானது, ஏனென்றால் கேட்க நன்றாக இருக்கிறது. 2023இல் அஸ்வெசும நலன்புரிப் பட்டியல் வெளியானபோது விடுபட்டவர்கள் மேன்முறையீட்டை இணையவழி செய்யலாம் என்று அறிவித்தார்கள். நாட்டில் மிக வறியவர் யார் என்று தீர்மானிக்கும் பட்டியல். அதில் பிழை இருந்தால் முறையிடும் கதவு, மிக வறியவரிடம் இல்லாத ஒன்று.

அந்தக் கதவு கரையோர ஊரில் எப்படித் திறந்தது என்பதைக் கொம்யூனிகேஷன் கடைகளில் பார்த்திருக்கலாம். கடைப் பெடியன் கேட்கிறான்: "அக்கா, உங்கட ஈமெயில் என்ன?"

"அது என்னட்ட இல்லைத் தம்பி. உங்கடயைப் போட்டு விடுங்கோ."

"பாஸ்வேட் ஒண்டு சொல்லுங்கோ."

"அதையும் நீங்களே போடுங்கோ ராசா."

பெடியன் போட்டான். போட்டோக்கொப்பி எடுத்துப் பழுதான தாளின் பின்பக்கத்தில் பாஸ்வேட்டை எழுதிக் கொடுத்தான். அவர் அதை நாலாக மடித்து அடையாள அட்டைக்குள் வைத்தார். படிவத்துக்குக் காசு, பிரிண்டுக்குக் காசு. குடும்பத்தின் வருமானம், நோய், கடன் எல்லாம் அந்தக் கடை மேசையில் அடுத்து நின்றவர் காதில் விழச் சொல்லப்பட்டன. பதில் வந்ததா என்று பார்க்க மறுபடி அதே கடை. முன்பு விதானையாரிடம் நடந்தார், இப்போது கடைக்கு நடக்கிறார், பிறகு விதானையாரிடமும் நடக்கிறார். அரசின் அறிக்கையில் இவர் இணையவழி சேவை பெற்ற ஒருவர்.

மொழியைப் பற்றியும் இந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். தமிழ் 1987இல் 13ஆவது திருத்தத்தோடு அரசகரும மொழியானது. தமிழில் தொடங்கும் அரச இணையப் பக்கம் இரண்டு தடவை தட்டினால் ஆங்கிலமாகிவிடும் அனுபவம் இன்னும் தீரவில்லை. படிவம் ஏற்கப்படவில்லை என்று சிவப்பில் வரும் அந்த ஒற்றை வரி, ஆளுக்கு மிகத் தேவையான வரி, அநேகமாக ஆங்கிலத்தில்தான் வரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அறுநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்துக்கு வரவில்லை என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. சிக்னல் இருந்த இடங்களிலும் செய்தி புரியும் மொழியில் போய்ச் சேரவில்லை.

அதே 2025இல், பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளுக்கான கவ்பே தொடங்கியது. டிஜிட்டல் அடையாள அட்டை வரிசையில் நிற்கிறது. இவற்றை நான் எதிர்க்கவில்லை. இவை வந்ததும் கருமபீடத்தை மூடிவிடலாம் என்ற அவசரத்தை எதிர்க்கிறேன். செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டுப் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டபோது வடக்கு மக்களுக்குக் கிடைத்த நிம்மதியை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தில் ஓர் அலுவலகம், அதில் கேட்டுப் பதில் சொல்ல ஓர் ஆள். அந்த நிம்மதியை எந்தச் செயலியும் தந்ததில்லை.

6. மிச்சத்தைச் சந்தை நிரப்பும் என்றால், எப்போது? 2015 ஜூலையில் கூகுள் பலூன்கள் தெய்வேந்திரமுனை தொட்டுப் பருத்தித்துறை வரை ஒவ்வொரு கிராமத்துக்கும் இணையம் தரும் என்று அரசு ஒப்பந்தம் எழுதியது. 2016இல் ஒரு பலூன் வந்து தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. அலைவரிசைச் சிக்கலில் திட்டம் நின்றது. 2021இல் கூகுளின் தாய்க் கம்பனி அந்தப் பலூன் கம்பனியையே மூடியது. 2025 ஜூலையில் ஸ்ரார்லிங்க் வந்தது. வந்தபோது கருவி ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல், மாதக் கட்டணம் பத்தாயிரத்துக்கு மேல். வாங்கக் கூடியவர் வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் இருக்கிறது.

"அப்படியென்றால் இணையம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். எப்படி என்பதற்குத் தமிழ் கூறும் கடற்கரையிலேயே சான்று இருக்கிறது. புதுச்சேரியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராம அறிவு மையங்களை நடத்தியது. வீராம்பட்டினம் மீனவர் ஊரில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போடும் அலை உயர முன்னறிவிப்பை மையத்தில் இறக்கித் தமிழாக்கி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசெம்பர் 26 காலை, இப்படியொரு மையம் இருந்த நல்லவாடு ஊர் ஆள் ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசி எடுத்தார், மையத்தின் ஒலிபெருக்கி அலறியது, ஊர் தப்பியது. அன்று அந்தக் குப்பத்தில் இணைய இணைப்புகள் எத்தனை? கணக்குப் பார்த்தால் வெட்கப்படும் அளவு. ஆனால் அந்த ஒன்றைப் பாவிக்கத் தெரிந்த, ஊர் நம்பிய, ஊர்மொழியில் பேசிய ஆட்கள் இருந்தார்கள்.

இலங்கையும் முயன்றது. 2005இல் தொடங்கிய நெனசல என்ற கிராமத்துக் கணினி நிலையங்களின் மின்நூலகத் திட்டத்துக்கு 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் உலகப் பரிசே கிடைத்தது. பரிசு கிடைத்தது, நிலையங்கள் நிலைக்கவில்லை. கணினிக்குக் காசு ஒதுக்கியவர்கள், கணினிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆளின் சம்பளத்தை நிலையமே உழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். கிராமத்து வாசிகசாலைக்கு இலாபக் கணக்குப் பார்த்திருந்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலையும் இருந்திராது.

சனசமூக நிலையம் இல்லாத ஊர் குடாநாட்டில் அரிது. கட்டடம் இருக்கிறது, மேசை இருக்கிறது, பத்திரிகை வருகிறது. அங்கே இரண்டு கணினியையும், மாதச் சம்பளத்தில் ஓர் ஆளையும் வைக்க மாநகர சபைக்கும் மாகாண சபைக்கும் முடியும். படிவம் நிரப்பிக் கொடுக்க, இன்னொருவர் கேட்காத இடத்தில் இருந்து கேட்க, தாய்மாருக்குப் பழக்கிவிட, காலையில் காற்று நிலைமையைக் கரைக்கு அறிவிக்க அந்த ஆள் வேண்டும். புள்ளிவிபரத் திணைக்களம் அடுத்த கணக்கெடுப்பில் "போன் பாவிப்பீர்களா" என்பதோடு நிற்காமல், "கடந்த வருடத்தில் எந்த அலுவலை இன்னொருவர் உதவியின்றி இணையத்தில் செய்து முடித்தீர்கள்" என்று கேட்கட்டும். விடையைக் கிராம அலுவலர் பிரிவு வாரியாக வெளியிடட்டும். அந்தக் கணக்கில் கரையோர ஒழுங்கையும் கொழும்பு ஏழும் கிட்ட வரும் வரைக்கும், எந்தப் பிரதேச செயலகத்திலும் கடதாசி விண்ணப்பத்தை நிறுத்த அரசுக்கு உரிமை இல்லை.